பட்டறைக்குள்ளும் ஒரு சேரி

தொழிற்சாலைக்கு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலை யார் போடுகிறார்கள்? இதைக் கேட்காமல் ‘வேலை அனுபவம்’ பற்றிப் பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

1953இல் ராஜாஜி கொண்டுவந்ததும் ஒருவகை வேலை அனுபவம்தான். அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்து நின்றார். 1954இல் காமராசர் அரசு அதைத் தூக்கி எறிந்தது. எறிந்தது திட்டத்தை, புத்தி அப்படியேதான் கிடக்கிறது.

எங்க ஜெகதாப்பட்டினம் பக்கம் தொழிலென்றால் கடல்தான். விசைப்படகு, வலை, ஐஸ் பிளாண்ட். பிட்டரும் வெல்டரும் படித்த பையன் திருச்சிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போயாகணும். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். பாஸ்புக் பதிய வருகிற பையன்களிடம் பேச்சுக் கொடுப்பேன். ஆறு மாசம் பயிற்சிக்குப் போய் வந்த சேரிப் பையன் ஒருவனிடம் கேட்டேன்: “என்னடா தம்பி கத்துக்கிட்டே?”

“லோடு ஏத்துனேண்ணே. அப்பறம் தரை கழுவுனேன். மெசின்கிட்ட நிக்க விடல.”

கூடப் போன இன்னொருத்தன் மெசினில் நின்றிருக்கிறான். அவன் மாமா அங்கே சூப்பர்வைசர். இரண்டு பேர் கையிலும் ஒரே சான்றிதழ்!

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்த்த 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடம் ஒதுக்கச் சொல்கிறது. தனியார் ஆலைக்கும் சேர்த்துத்தான். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்றதும் ‘தகுதி போச்சு’ எனக் கூப்பாடு போடுகிறவர்களை விடுங்கள், நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2014 திருத்தம் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் விட்டுவைத்தது. முதலாளியே வகுத்துக்கொள்ளும் ‘விருப்பத் தொழிற்பிரிவு’ ஒன்றையும் கொண்டுவந்தது. 3ஏ பேசுவதோ குறிப்பிட்ட தொழிற்பிரிவை மட்டும். ஓட்டை எங்கே என்று புரிகிறதா?

நம் பெண்பிள்ளைகளுக்கு நடந்தது இன்னும் மோசம். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, பழகுநர் என்று சொல்லி மூன்று வருசம் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கினார்கள். கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்பது பேச்சு. பாதியில் வந்தவளுக்கு அந்தப் பணமும் இல்லை.

மாணவத் தோழர்கள் இனிப் பட்டியல் போடும் மேசைக்கே போகணும். எவன் எந்த மெசினில், எத்தனை வாரம், சொல்லிக்கொடுப்பது யார் என்பதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லணும். 3ஏ பிரிவில் எத்தனை இடம், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பழகுநர் தொழிலாளி இல்லை என்கிறது 18ஆம் பிரிவு. ஆனாலும் ஆலைப் பாதுகாப்பு விதிகள் 14ஆம் பிரிவின்படி அவனுக்கும் உண்டு, அடிபட்டால் 16ஆம் பிரிவின்படி நட்டஈடும் உண்டு. கிளம்பும் முன்னே இதைப் பையனிடம் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் தங்குமிடம். 2019 விதித் திருத்தம் ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதில் வாடகை, சாப்பாடு, பஸ். வீட்டுக்காரரோ ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டு அடுத்துத் தெருப் பேரைக் கேட்கிறார். விடுதி இல்லாத ஊருக்கு நம் பையனை அனுப்பினால் ஒரே மாதத்தில் திரும்பி வந்து ஐஸ் உடைக்கப் போய்விடுவான்.