வெக்கை தாங்கும் வீடுகள் வேண்டும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், உள்ளாட்சி அமைப்புகளுக்கும், வீட்டுக்கடன் தரும் வங்கிகளுக்கும்:

கொத்தனார்கள், சித்தாட்கள், கட்டடப் பொறியாளர்கள், மொட்டை மாடிக்குக் கீழே வாடகைக்கு இருப்பவர்கள், அரசு வீட்டுக்கு ஆணை வாங்கிக் காத்திருப்பவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து இதை முன்வைக்கிறோம்.

மண்ணையும் மரத்தையும் சுண்ணாம்பையும் வைத்துக் குளுமையாகக் கட்டத் தெரிந்த ஊர்தான் இது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. செங்கலைக் குத்துக்காக நிறுத்தி நடுவே இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பினால் செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும் என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டியே காட்டினார். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல், 5 சதவீத அளவுக்குச் சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கல்லை வளர்த்தெடுத்து வருகிறது. அந்தக் கல்லுக்குச் சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இந்தியத் தரநிலையும் அதற்கு உண்டு: ஐ.எஸ். 1725. இவ்வளவும் இருந்தும், கீழக்கரையிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே கான்கிரீட் தளம்தான் போடுகிறோம். அந்தத் தளங்களுக்காகப் பாலாற்றிலும் காவிரியிலும் அள்ளிய மணல் திரும்பி வராது.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலைப் பற்றியது. வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பட்டியலில் விலை இல்லாத வேலையை ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டில் எழுதத் தயங்குவார், தணிக்கையில் கேள்வி வரும் என்று. மதிப்பீட்டில் இல்லாதது ஒப்பந்தப்புள்ளியில் வராது. வேலை வராததால் கொத்தனார் கற்கமாட்டார். கொத்தனார் இல்லையென்பதால் வீட்டுக்காரர் கேட்கமாட்டார். மண் கல், எலிப்பொறிக் கட்டு, சுண்ணாம்புக் காரை, ஓடு பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் நிரப்புத் தளம் ஆகிய நான்குக்கும் மாவட்டந்தோறும் விலை நிர்ணயித்து, ஆண்டுதோறும் திருத்துங்கள்.

இரண்டாவது, மாநில அரசின் ஊரக வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இவ்வளவு வீடுகள் ஒரே காலத்தில் எழும் வாய்ப்பு அடிக்கடி வராது. குடிசையில் தீயையும் புயலையும் பார்த்தவர்கள் கான்கிரீட் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. அவர்களிடம் போய் மண்ணின் பெருமை பேச நாங்கள் வரவில்லை. ஆனால் வெறுந்தளத்துக்குக் கீழே சித்திரை மாதத்தில் பகலில் படுக்க முடியாது. இரவிலும் தளம் வெக்கையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கத் தனித்தொகை கொடுங்கள். எதிரெதிர் ஜன்னலையும் இரண்டடி சன்ஷேடையும் மாதிரி வரைபடத்திலேயே சேருங்கள். விரும்புகிறவர்களுக்கு நிரப்புத் தளமும் மண் கல் சுவரும் அதே தவணையில், அதே மரியாதையுடன் கிடைக்கட்டும். பின்தங்கியவர் வீடு என்ற முத்திரை அதன்மேல் விழக் கூடாது.

நகரத்தில் சிக்கல் வேறு. கட்டுகிறவர் மின் கட்டணம் கட்டுவதில்லை, குடியிருப்பவர்தான் கட்டுகிறார். தெற்கும் மேற்கும் வெயில் அடிக்க, நிழலில்லாத கண்ணாடியும் மெல்லிய சுவரும் வைத்துக் கட்டினால் அந்தச் செலவை ஏ.சி. வழியாக வாடகைக்காரர் ஆயுள் முழுக்கச் சுமக்கிறார். ஏ.சி. வாங்க முடியாதவர் உடம்பால் சுமக்கிறார். குடியிருப்புக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-லேயே வந்துவிட்டது. நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில், கூரை நீங்கலாகக் கட்டடத்தின் மேலுறை வழியே நுழையும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. கூரைக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இவற்றை முழுமையாகச் சேர்த்து, அடுக்குமாடிகளின் நிறைவுச் சான்றுக்கு நிபந்தனையாக்குங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளுக்கு அது முதலில் பொருந்தட்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கெடு வைத்துக் கட்டாயமாக்கியது இதே மாநிலம்தான். பிறகு பராமரிப்பைக் கேட்பாரில்லாமல் பல தொட்டிகள் தூர்ந்தன. எனவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வும் வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் வரியாக வருகிறது. அதிலிருந்து பயிற்சி கொடுங்கள். பயிற்சி நாட்களுக்கு நாட்கூலியும் கொடுங்கள். கூலி இல்லாத பயிற்சிக்கு யாரும் வரமாட்டார்கள். கல்லும் கலவையும் சுமந்தே வயதாகிப் போகும் பெண் சித்தாட்களுக்குக் கரண்டி பிடிக்க அதில் பாதி இடங்களை ஒதுக்குங்கள்.

வங்கிகள், ஐ.எஸ். 1725-க்கு உட்பட்ட சுவரைச் செங்கல் சுவருக்கு நிகராக மதிப்பிட்டுக் கடன் தர வேண்டும்.

அடுத்த நிதியாண்டின் விலைப்பட்டியல் வெளியாகும்போது மேற்சொன்ன நான்கு வேலைகளும் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பலகையிலும் அந்தப் பக்கத்தைத் தமிழில் ஒட்ட வேண்டும்.