ஓட்டப் பழக்கினோமா?

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் பெண்களிடம் சென்றது. வண்டி கிடைத்தது மட்டும் வெற்றியன்று. ஓட்டப் பழக்கியதே வெற்றி.

2011இல் தமிழக அரசு மேனிலைப்பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. அரிமளம் போன்ற ஊர்ப் பிள்ளைகளின் கைக்கும் உலகம் எட்டியது. மகிழ்கிறோம். ஆயினும், ஓட்டப் பழக்கினோமா என்று நம்மை நாமே வினவக் கடமைப்பட்டுள்ளோம்.

அச்சு நூலில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் உண்டு. செல்பேசியில் வரும் செய்திக்கோ பெரும்பாலும் அவ்விரண்டும் இல்லை. சொன்னவர் யார், எப்போது சொன்னார், சான்று எது என்று கேட்கப் பழகாத மாணவன் எளிதில் ஏமாறுவான்.

இதற்குத் தனிப்பாடம் வேண்டா. வாரம் ஒரு நூலகப் பாடவேளை போதும். தம் ஊர்க் கண்மாயைப் பற்றி இணையத்தில் படித்ததை, நூலோடும் ஊர்ப் பெரியவர் சொல்லோடும் ஒப்பிட்டு, கண்ட வேறுபாட்டை மாணவர் தம் சொந்தத் தமிழில் எழுதட்டும்.

இப்பொறுப்பைக் கணினி ஆசிரியரிடமே விட்டுவிடுதல் தகாது. தமிழாசிரியரே முன்வரவேண்டும் என்போம். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வின் வழிவந்த நமக்கு இப்பணி புதிதன்று.