'நார்மல்' என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

திருநீர்மலைப் பக்கம் ஒரு காலனியில் வாழும் பெரியவர் அவர். கல்குவாரியிலும் கிரஷரிலும் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை. போன மாதம் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். "எக்ஸ்ரே நார்மல், கிளம்பு" என்றார் டாக்டர். என்ன வேலை செய்தார் என்று கேட்கவில்லை. (பேரன் வயது டாக்டர் அவரை ஒருமையில் பேசியதைத் தனியாக எழுத வேண்டும்.)

நாங்கள் என்ன செய்தோம்? "அதான் நார்மல்னு வந்துடுச்சே, நிம்மதியா இருங்க ஐயா" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். இந்தப் பதிவின் கோபத்தில் பாதி எங்கள் மீதுதான்.

கல்தூசி நுரையீரலில் படிந்து வருவது சிலிக்கோசிஸ். ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். எச்ஆர்சிடி ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். குவாரி வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் வரும். வந்தவர்களுக்கு காசநோய் தொற்றும் ஆபத்தும் கூடுதல். ஆக, எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்தவருக்குக் கல்தூசி பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை, சோதித்து, சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் கொடுத்தார்கள். சரியான காரியம். அதே மாதிரிக் குழிகளை வெட்டியவர்களின் நுரையீரலுக்கு மட்டும் ஒரே ஒரு படம், ஒரே ஒரு பார்வை போதுமா?

வசதியானவர் இன்னொரு டாக்டரைப் பார்த்தால் அது 'செகண்ட் ஒப்பீனியன்'. நம் ஆள் கேட்டால் 'டாக்டருக்கே பாடம் சொல்றியா?'. பெரியவரும் தயங்கினார். "இல்லாத நோயைத் தேடிப் போகணுமா?" என்றார். ஒரு நாள் கூலி போகும் என்ற கவலை ஒருபுறம், உண்மையிலேயே ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம் மறுபுறம். மகள்தான் விடவில்லை.

எல்லா நார்மலையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. தேவையில்லாத ஸ்கேனை எழுதிக் காசு பார்க்கும் வியாபாரமும் இங்கே நடக்கிறது. ஆனால் தொந்தரவு நீடிக்கிறது, செய்த தொழிலை யாரும் கேட்கவில்லை என்றால், போயே ஆக வேண்டும்.

தோழர்களே, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு டாக்டர் முதலில் அதே படத்தையே பார்க்கலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

இதில் இழப்பீடும் அடங்கியிருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் உண்டு. 'நார்மல்' என்ற தாளை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்க முடியும்? குவாரி முதலாளிக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் கிடைக்காது.

தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை 1928இல் தொடங்கப்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அரசு மருத்துவமனை. அடுத்த வாரம் படத்தோடு அங்கே போகிறோம். பெரியவர் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: "என்ன வேலை பார்த்தேன்னு நானே சொல்றேன். நீங்க யாரும் குறுக்க பேசக் கூடாது."