மீன் தொட்டிக்கு மிதவை வால்வு: இடையில் ஒரு பீப்பாய் அவசியம்

சென்னையில் கொளத்தூர், வண்ண மீன் வணிகத்திற்குப் பெயர் பெற்ற இடம். இத்தகைய சந்தைகளை நம்பிச் சிறு விவசாயிகள் பலர் கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பொன்மீன் முதலியவற்றை உபதொழிலாக வளர்த்து வருகின்றனர். கோடை வந்துவிட்டால் இவர்களுக்குள்ள பெரிய தொல்லை, தொட்டி நீர் நாள்தோறும் வற்றிக் குறைவதுதான். அதை ஈடுசெய்யக் குடம் குடமாகச் சுமக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது.

இதற்கு மிதவை வால்வு பொருத்துவது நல்ல யோசனையே. மாடித் தொட்டிகளில் பயன்படும் இந்தக் கருவியைச் சில கடைகளில் ‘பால் காக்’ என்றும் சொல்வார்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் மிதவை தாழ்ந்து நீர் வரும். மட்டம் உயர்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை. ஆனால் இதனை ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயிலோ, குடிநீர்க் குழாயிலோ நேராக இணைத்துவிடும் வழக்கம் தவறானது. குழாய்க்கும் மீன் தொட்டிக்கும் இடையே ஒரு பீப்பாய் இருந்தே தீர வேண்டும்.

காரணம் எளிது. எந்த மிதவையும் என்றாவது ஒரு நாள் சிக்கிக்கொள்ளும். பாசி பிடிக்கும், நத்தை ஒட்டும், உப்பு படியும். நேர் இணைப்பில் இரவு நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால், விடியும்வரை நீர் வழிந்தபடி இருக்கும். குஞ்சுகள் வெளியேறி மண்ணில் கிடக்கும். குடிநீர்க் குழாயானால், குளோரின் கலந்த நீர் எஞ்சியவற்றையும் கொன்றுவிடக்கூடும். பல மாத உழைப்பு ஓர் இரவில் வீணாகும். பீப்பாய் இருந்தால் அதிலுள்ள நீருக்கு மேல் ஒரு சொட்டும் வராது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் எனில் பரப்பு 6 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால் இழப்பு 36 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 5 நாட்களுக்குத் தாங்கும். மிதவை சிக்கி முழுப் பீப்பாயும் இறங்கினாலும், நீர்மட்டம் 3.5 சென்டிமீட்டருக்குள்தான் உயரும். நீர்மட்டத்திற்கு மேல் 10 சென்டிமீட்டர் சுவர் விட்டிருந்தால் ஒரு மீனும் வெளியேறாது.

பீப்பாயை உறுதியான கல் மேடைமீது, அதன் அடிப்பாகம் மிதவையைவிட உயரமாக இருக்கும்படி வைக்க வேண்டும். பூச்சிமருந்து இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சாதலால், வால்வும் குழாயும் பிளாஸ்டிக்காக இருப்பது நலம். வால்வின் வாய் நீருக்கு மேலேயே இருக்கட்டும். மிதவையைச் சுற்றி வலை கட்டினால் நத்தைகள் எளிதில் அண்டா. குடிநீர்க் குழாய் நீரைப் பிடித்தால், பீப்பாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டி, ஒரு நாள் நிற்கவிட்ட பின்பே கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். பீப்பாய் நிறைந்ததும் மேல்குழாயை மூடிவிட வேண்டும்; அதைத் திறந்து வைத்தால் பீப்பாய் வைத்த பயனே போய்விடும்.

‘ஐந்து நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டுமென்றால் இது என்ன தானியங்கி?’ என்று கேட்கலாம். அந்த ஒருமுறைதான் தொட்டியைக் காப்பாற்றுகிறது. 5 நாள் வரவேண்டிய பீப்பாய் 2 நாளில் காலியானால், தொட்டியில் கசிவு இருக்கக்கூடும். நேர் இணைப்பில் இது தெரியவே தெரியாது; மட்டம் எப்போதும் சரியாகவே காணப்படும்.

இன்னொரு மறைவான கேடும் உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரை நாள்தோறும் 36 லிட்டர் சேர்த்தால், மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு சேரும். மீன்கழிவும் அப்படியே நிற்கும். ஆகவே மிதவை இருக்கிறதென்று நீர் மாற்றுவதை நிறுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை அடி நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். வெளியேற்றிய நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம். பீப்பாயில் ஊற்றச் சேமித்த மழைநீர் கிடைத்தால் மிகச் சிறப்பு. அதில் உப்பு மிகக் குறைவு.

அன்றே மிதவையை விரலால் அழுத்தி நீர் வருகிறதா, தூக்கினால் நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். குடம் சுமக்கும் வேலையை மிதவை ஏற்றுக்கொள்ளட்டும். தொட்டியைக் கவனிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். சுமை குறைந்த நேரத்தில் மீனைக் கூர்ந்து பார்க்கும் விவசாயியே இத்தொழிலில் நிலைத்து நிற்பார்.