டியூபைப் பார்க்கிறார்கள், அடுப்படியைப் பார்ப்பதில்லை

சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு இப்போதெல்லாம் இரண்டு வேலை கூடியிருக்கிறது. போனுக்கு வரும் எண்ணைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் மூன்றையும் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவதற்கு அடிப்படைப் பாதுகாப்புச் சோதனை என்று பெயர். கட்டணம் கிடையாது. நாடு முழுக்க இப்படி 12 கோடிக்கு மேல் சோதனைகள் நடந்திருப்பதாகவும், 4.65 கோடிக்கு மேல் டியூப்களைத் தள்ளுபடி விலையில் மாற்றியிருப்பதாகவும் மத்திய அரசு சொல்கிறது.

ஏஜென்சி மெக்கானிக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் கட்டாயச் சோதனை தனி. அது முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்தது, இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 'சுரக்ஷா' என்கிற ஆரஞ்சு நிற டியூபுக்கும் ஆயுள் அதே ஐந்து வருடம்தான். பழைய பச்சை ரப்பர் குழாயை எலி கடித்து வைத்த காலத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். உள்ளே கம்பி வலை வைத்த டியூப் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் எங்கள் தெருவில் இந்தச் சோதனை பெரும்பாலும் வாசல்படியோடு முடிந்துவிடுகிறது. "டியூப் நல்லாருக்காம்மா?" "நல்லாத்தான் இருக்கு தம்பி." அவ்வளவுதான். அந்தப் பையனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏறுகிறவனிடம் பரிசோதகர் வேலையையும் கொடுத்துவிட்டு, அவன் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கவில்லை என்று எப்படிக் கேட்பது? சிலிண்டர் வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக ஒரு எண் கேட்கிறார்கள். சோதனை நடந்ததற்கு அப்படி எந்தச் சாட்சியும் நம் கையில் தருவதில்லை.

அவன் உள்ளேயே வந்து பார்த்தாலும் என்ன பார்ப்பான்? டியூபும் ரெகுலேட்டரும் குடியிருப்பவருடையவை. அடுப்படிச் சுவர் வீட்டுக்காரருடையது. கேஸ் கசிந்தால் ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தச் சுவர்தான். அதை யாரும் கேட்பதே இல்லை.

சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது தறி ஓடிய ஊர். சுங்குடியும் பட்டும் நெய்த வீடுகளில் பல இப்போது தறியை நிறுத்திவிட்டன. தறி கிடந்த கூடத்தை நடுவில் தடுத்து இரண்டு போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். காந்திகிராமத்தில் படிக்க வரும் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள், மில்லுக்குப் போகும் குடும்பங்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நெய்வதற்கென்று கட்டிய கூடத்தில் அடுப்படிக்கு இடம் ஏது? மாடிப்படிக்குக் கீழே ஒரு கடப்பைக் கல்லைப் பதித்து அதையே சமையல் மேடை என்கிறார்கள். மேலே ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம்.

மேலே ஜன்னல் இருந்தாலும் கசிந்த கேஸுக்கு அது போதாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். அதற்கு இயற்கையில் வாசனை கிடையாது, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றத்தைக் கலக்கிறார்கள். நாற்றம் வந்த பிறகு ஸ்விட்சைப் போட்டால் அந்தப் பொறியே போதும். தரையை ஒட்டி ஒரு துவாரம் இருந்தால் கசிந்தது வெளியே போகும். நம் வீடுகளில் அது இல்லை. சில வீடுகளில் தறிக்குழியையே சரியாக மூடவில்லை, மேலே பலகை போட்டு அதன்மேல் கட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே சிலிண்டர். இதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நம் மாநிலத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றி 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பதும், தண்ணீர்க் குழாய் மாற்றுவதும், மின் ஒயரிங்கும் உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், கீசர், ஸ்விட்ச் எல்லாம் குடியிருப்பவர் பாடு. குளியல் தொட்டியைக் கூட விடவில்லை. சின்னாளப்பட்டியில் குளியல் தொட்டி வைத்த வாடகை வீட்டை யாராவது காட்டினால் நானே போய்க் குளித்துவிட்டு வருகிறேன்! ஆனால் கேஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

என் தங்கை கல்யாணமாகிப் பிரான்ஸுக்குப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுச்சேரியில் நாங்கள் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். ஒரு நாள் லீவுக்கும் முறையாகக் கடிதம் எழுதிப் பழகியவர்கள், அந்த நாட்டின் காகித ஆசை எங்களுக்குப் புதிதல்ல. அங்கே 2017, 2018 ஆண்டுகளில் ஒரு விதி வந்தது. வாடகை வீட்டின் கேஸ் அமைப்பு 15 வருடத்துக்கு மேல் பழையதானால், வீட்டுக்காரர் தன் செலவில் அதைச் சோதிக்க வைத்து, அந்த அறிக்கையை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குடி வருகிறவருக்குத் தர வேண்டும். அறிக்கை ஆறு வருடத்துக்குச் செல்லும். காற்றோட்டத்தையும் பார்க்கிறார்கள். "இங்கே வாடகைக்கு வருகிறவள் அடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை அண்ணா, காகிதமே சொல்லிவிடும்" என்றாள் தங்கை.

இங்கிலாந்தில் இன்னும் கடுமை. வருடத்துக்கு ஒருமுறை, பதிவு பெற்ற கேஸ் மெக்கானிக்தான் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். சீக்கிரம் சோதித்தால் நாள் நஷ்டம் என்று வீட்டுக்காரர்கள் கடைசி நாள் வரை இழுத்ததால், 2018-ல் அதையும் திருத்தினார்கள். இரண்டு மாதம் முன்பே சோதித்தாலும் பழைய தேதியே தொடரும். மனிதர்களின் புத்தி தெரிந்து எழுதிய விதி அது.

அங்கே குழாயில் கேஸ் வருகிறது, இங்கே சிலிண்டர், இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் வாடகை வாங்குகிறவர் வீட்டுக்குப் பொறுப்பு என்பதில் என்ன வித்தியாசம்?

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 9 பேர் இறந்தார்கள். ரயிலில் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்ற விதி அன்றைக்கும் இருந்தது. ஆனாலும் பெட்டிக்குள் சிலிண்டர் இருந்தது.

இன்னொரு விஷயம், இது குடியிருப்பவர்களுக்கு. கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். இறப்புக்கு 6 லட்சம், மருத்துவத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவான முகவரிக்குத்தான். நிலக்கோட்டையில் எடுத்த இணைப்பை வைத்துக்கொண்டு இங்கே சமைக்கிறவர்கள் எத்தனை பேர்! வீடு மாறினால் ஏஜென்சியில் முகவரியை மாற்றிவிடுங்கள். பழைய முகவரியோடு இருந்தால் எரிந்த வீட்டுக்காரரும் நஷ்டஈடு கேட்க முடியாமல் போகலாம்.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. அந்த இரண்டாம் அட்டவணையில் உரிமையாளர் பகுதியில் ஒரு வரி: சமையலறையில் தரையை ஒட்டியும் மேலேயும் காற்றுத் துவாரம். மெக்கானிக் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும்போது இதையும் பார்த்து, வீட்டுக்காரருக்கு ஒரு நகல், குடியிருப்பவருக்கு ஒரு நகல் எழுதிக் கொடுக்கட்டும். சிலிண்டர் போடுகிற தம்பியை அவன் வேலையைப் பார்க்க விடுங்கள்.

இதனால் வாடகை ஏறும் என்பார்கள். தறி நின்றபின் அந்த இரண்டு போர்ஷன் வாடகையில்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் எனக்கு வேண்டியவர்கள்தான். அவர்கள் சிரமம் பொய்யில்லை. ஆனால் இது வருடா வருடம் வரும் செலவில்லை. சுவரில் ஒரு செங்கல் அளவு துவாரம், எலி வராமல் ஒரு கம்பி வலை, தறிக்குழிக்கு மண்ணும் சிமெண்டும். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. கேஸ் நாற்றம் வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906 என்று அடுப்படிச் சுவரில் எழுதி வைக்க அந்தச் செலவும் இல்லை, ஒரு கரித்துண்டு போதும்.