முன்பனிக் காலத்து விருந்தினர்

மேனாட்டுச் சஞ்சிகைகளில் ஆண்டிறுதிக் காலத்திலே வெளியாகும் வண்ணப் படங்களைக் கண்டு பெருமூச்சு விடாத மாணவர் அரியர். வெண்பனி போர்த்த மலைச்சிகரம். அதன் அடிவாரத்தில், விடும் மூச்சு புகையாய்த் தெரிய நிற்கும் ஒரு மான். அத்தகைய படமொன்றைக் கொணர்ந்து நம் மேசைமீது வைத்து, "ஐயா, நம் நாட்டில் இப்படிப் படம் பிடிக்க என்ன இருக்கிறது?" என்று வினவினான் நம் வகுப்பு மாணவன் ஒருவன். உறைபனி நம்மிடம் இல்லை என்பது மெய்யே. ஆயின், மார்கழியையும் தையையும் முன்பனிப் பருவமென வகுத்துவைத்த மக்கள் நாம். அப்பருவத்திலே புத்தளக் கரையோரத்தில் ஒரு விடியற்பொழுதேனும் நின்றவர் இவ்வினாவை எழுப்பார்.

கற்பிட்டிக் குடாநாடு ஒடுங்கி நீண்ட நிலம். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. ஆதலால், களப்பிலே சூரியன் எழக்கண்டு, மாலையில் சிறிது தூரம் நடந்து, அதே சூரியன் கடலில் விழவும் காணலாம். வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழை, பல மாதங்களாக வானிலே தங்கியிருந்த தூசியைக் கழுவிவிடுகிறது. மழை விட்ட மறுநாட் காலையில் கண்டற்காட்டின் மீதும் உப்பளப் பாத்திகளின் மீதும் விழும் வெயில் பொன்னைக் காய்ச்சி ஊற்றியது போலிருக்கும். அந்த ஒளி ஒரு மணி நேரமே நிற்கும். ஒன்பது மணிக்கு எழுந்து காலையுணவு முடித்துக் கமராவைத் தூக்குவோர் அதனைக் கண்டறியார்.

மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வில்பத்து வனத்தின் கடலோரத்திலே குதிரைமலை என்றொரு முனை உண்டு. மலையகத்து அன்பர் எவரேனும் அதனைக் கண்டால் "இதுவா மலை?" என்று நகைப்பர், உண்மையில் அது செம்மண் மேடே. ஆயினும், கடலை நோக்கி இடிந்து நிற்கும் அதன் சிவந்த விளிம்பை மாலை வெயில் தொடும்போது, உயரம் பற்றிய எண்ணமே நமக்கு எழுவதில்லை. குளோடியஸ் மன்னன் காலத்தில், அன்னியஸ் புளோக்காமஸ் என்பானின் ஏவலாளன் ஒருவன் காற்றால் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையின் "ஹிப்புரோஸ்" துறையை அடைந்தான் என உரோமானிய ஆசிரியர் பிளினி எழுதிவைத்தார். கிரேக்க மொழியில் "ஹிப்போஸ்" என்பது குதிரை. ஆகவே அத்துறை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அல்லியரசாணி முத்து வாணிகம் நடத்தி அரசாண்ட இடமும் இதுவே என்பது இப்பக்கத்தார் வாய்மொழி. இவற்றையெல்லாம் கமரா பிடித்துத் தராது. எனினும், அறிந்தவன் எடுக்கும் படத்திற்கும் அறியாதவன் எடுக்கும் படத்திற்கும் வேற்றுமை இருக்கவே செய்யும்.

வில்பத்து 1938ஆம் ஆண்டிலே தேசிய வனமாக்கப்பட்டது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. போர்க்காலத்தில், 1988ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2003 வரையும், பின்னர் மீண்டும் 2010 வரையும் அது மூடிக்கிடந்தது. 2006இல் அவ்வனத்தினுள்ளேயே கண்ணிவெடியிற் சிக்கி மாண்டோருள் ஆங்கில நாவலாசிரியர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். அவருடைய புகழ்பெற்ற நாவலின் மாந்தர் நடந்து கடப்பதும் அதே காடுதான். இன்று சிறுத்தையையும் கரடியையும் நாடிப் பெருந்திரளானோர் அங்கே செல்கின்றனர். ஆனால் முன்பனிக் காலம் அதற்கு ஏற்றதன்று என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். மழைநீர் எங்கும் தேங்கிக் கிடக்கையில் விலங்குகள் "வில்லு" எனப்படும் மணற்கரை நீர்நிலைகளைத் தேடிவர வேண்டிய தேவையில்லை. வறண்ட மாதங்களிலேயே அவை நீர் நாடி வெளிப்படும். மார்கழியில் வில்லுகள் நிரம்பி, வானத்தைத் தம்முள் ஏந்தி நிற்கும் காட்சியே போதும் என்ற மனம் உடையார் மட்டும் செல்க.

இப்பருவத்தின் உண்மையான செல்வம் பறவைகளே. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் குளங்களில் இறங்கும். ராம்சார் உடன்படிக்கையின்படி 2001இல் பட்டியலிடப்பட்ட ஈரநிலம் அது. களப்போரச் சேற்றிலே பவளக்காலிகளும் கருவால் மூக்கன்களும் நீண்ட அலகைப் புதைத்து இரை தேடும்.

இங்கே நாம் செய்த தவறொன்றைச் சொல்லவேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்கழி விடுமுறையில் மாணவர் எழுவரைக் கற்பிட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். விடியலில் களப்பின் ஓரத்திலே கருவால் மூக்கன்கள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. தலை குனிந்து நிற்கும் பறவைகள். படத்திலே உயிர் இல்லை. "ஐயா, ஒருமுறை கைதட்டுங்கள்" என்றான் ஒருவன். தட்டினோம். கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து, சிறகின் வெண்கீற்று மின்ன, உதயசூரியனுக்குக் குறுக்கே திரும்பிற்று. என்ன காட்சி! அவை சுற்றிவந்து மீண்டும் இறங்கின. மாணவரெல்லாருக்கும் படம் கிடைக்கவேண்டுமே என்று மறுபடி தட்டினோம். மூன்றாம் முறையும் தட்டினோம்.

சற்றுத் தள்ளி முதியவர் ஒருவர் வலை உதறிக்கொண்டிருந்தார். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடையோடு குடும்பத்துடன் இக்கரைக்கு வந்து சேர்ந்தவர் என்று பின்னர் அறிந்தோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், பசியோடு வந்த விருந்தாளியை மூன்று தரம் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டீர்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதன் முழுப்பொருளும் வீடு திரும்பிப் படித்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. இப்பறவையின் நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022ஆம் ஆண்டிலே அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீற்றரைப் பதினொரு நாளில், நடுவே எங்கும் இறங்காமல் பறந்து சேர்ந்தது. அதன் உடலிற் பொருத்திய கருவி அதனைக் காட்டிற்று. இத்தகைய பயணத்துக்கு எரிபொருள் உடலில் திரளும் கொழுப்பே. நீர் வற்றிச் சேறு தெரியும் வேளையில் உண்டால்தான் அது திரளும். ஒருமுறை வெருண்டு எழுந்தால் உண்ணும் பொழுதும் வீணாகிறது, உண்டதும் செலவாகிறது. நாம் ஒருவரே தட்டினோம் என்றால் தாங்கும். வருவோர் அனைவரும் தட்டினால்?

நம் தமிழரிலே இத்துறையில் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன் அவர்கள். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய மாதவையாவின் மைந்தர். 1950ஆம் ஆண்டு தொடங்கி 1996இல் மறையும்வரை கல்கத்தா நாளேடொன்றில் இயற்கைபற்றி இடையறாது எழுதிவந்தவர். பல கமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பளுவான கருவியைச் சுமந்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் பிற விலங்குகளையும் படம் பிடித்தார். விலையுயர்ந்த வில்லை இல்லையே என்று வருந்தும் மாணவர் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவர், பறவையை அண்மையிற் காட்ட முயலவேண்டா. பரந்த களப்பையும் மழைமேகத்தையும் முதலிற் படத்தில் அமைத்து, அதனுள் ஒரு மூலையில் நாரை சிறிதாய் நிற்கட்டும். பழகுவதற்குக் கற்பிட்டித் தெருக்களிலே கட்டுப்பாடின்றித் திரியும் கழுதைகள் உள்ளன; அவற்றைப் போலப் பொறுமையாக நின்றுகொடுக்கும் உயிர் வேறில்லை! நல்ல கமரா உடையோர், பறக்கும் பறவைக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவோ வைத்துக்கொள்க. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவரும் கமராவை அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவைத்தால் வில்லையில் நீர் படியாது. உப்புக்காற்றில் எடுத்த கருவியை அன்றிரவே துடைக்க மறவாதீர். யாவற்றிலும் முக்கியமானது, இருள் பிரியுமுன் சென்று தாழ அமர்ந்து அசையாதிருத்தல். நாம் பறவையை நெருங்குவதில்லை. அவையே மேய்ந்துகொண்டு நம்மை நெருங்கும். சென்ற ஆண்டு அவ்வாறு அமர்ந்திருந்தபோது பவளக்காலியொன்று பத்தடி தொலைவுக்கு வந்து, நம்மை ஒரு கட்டையென்று கருதியதோ என்னவோ, நெடுநேரம் நின்றது. கொசுக்கடி தாளாமல் நாமே முதலில் அசைந்தோம்.

அந்தக் கைதட்டற் படமோ கல்லூரிக் கண்காட்சியிலே முதற்பரிசு பெற்று, மண்டபச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அழகான படந்தான், கழற்றிவிட நமக்கு மனம் வரவில்லை. படத்தின் கீழ் என்ன எழுதுவது என்று சென்ற தவணையில் மாணவர் கேட்டனர். நடந்ததை எழுதுமாறு கூறினோம். "கருவால் மூக்கன்கள், கற்பிட்டி. கைதட்டி எழுப்பி எடுத்த படம்" என்று அழகிய கையெழுத்தில் ஓர் அட்டை இப்போது அங்கே இருக்கிறது. பெற்றோர் தினத்தன்று அதனைப் படித்த தாயார் ஒருவர், "யார் கைதட்டினது?" என்று கேட்டார். மாணவர் எழுவரும் நம்மைத் திரும்பிப் பார்த்தனர்.