ஆரோக்கியப்பச்சைக்கு உரியவர்கள்

அகஸ்திய மலையைச் சூழ்ந்த காடுகளில், ஓடைக்கரையின் ஈரமும் பெருமரங்களின் நிழலும் ஒருங்கே வாய்த்த இடமாகப் பார்த்து வளரும் சிறு பூண்டு ஒன்று இருக்கிறது. முழங்கால் உயரத்தை எட்டாத அந்தச் செடியின் இருதய வடிவமான இலையைக் குனிந்து விலக்கிப் பார்த்தாலன்றி, அதன் காம்படியில் மண்ணை ஒட்டினாற்போல் ஒளிந்திருக்கும் கருஞ்சிவப்புப் பூவும், பின்னர் முப்பட்டையாகத் திரளும் காயும் வழிப்போக்கன் கண்ணில் படுவதில்லை. தாவர சாஸ்திரிகள் இலங்கையின் பெயரைச் சேர்த்து டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்று அதற்கு நாமகரணம் செய்திருக்கிறார்கள். மலையில் வாழும் காணி மக்களுக்கு அது ஆரோக்கியப்பச்சை.

1987ஆம் ஆண்டு டிசம்பரில், மலைவாசிகளின் தாவர ஞானத்தைத் திரட்டும் பொருட்டு டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் அந்தக் காட்டுக்குள் சென்ற விஞ்ஞானிகள், ஏற்றத்தில் மூச்சு வாங்கித் தளர்ந்து நிற்கையில், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சிரமமே தோன்றாமல் நடப்பதைக் கண்டு வியந்தார்கள். தாங்களும் வாங்கித் தின்று களைப்பு நீங்கிய பிறகு, அது என்ன காய் என்று கேட்டபோது, இளைஞர்கள் எளிதில் சொல்லிவிடவில்லை. வெளியாருக்குச் சொல்லலாகாது என்பது குலத்தின் கட்டுப்பாடு. பலவாறு வேண்டிக்கொண்ட பின்னரே செடியைக் காட்டினார்கள்.

திருவனந்தபுரத்துக்கு அடுத்த பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைக் கூட்டி, ‘ஜீவனி’ என்ற ஆயுர்வேத ஔஷதத்தை உருவாக்கியதும், கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸி பத்து லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கும் ஏழாண்டு உரிமம் பெற்றதும், அவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கென்று நிலையம் முடிவு செய்ததும், அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானதும் உலகப் பிரசித்தி பெற்ற சரித்திரம். சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் தாமாக முன்வந்து பங்கு கொடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் பாராட்டு மிகுதியில் மற்றொன்று மறைந்துவிடலாகாது. மூலிகை ரகசியத்தை விற்பது முறையல்லவென்று காணி வைத்தியர்களிலேயே ஒரு சாரார் அப்போது ஆட்சேபித்தார்கள். பணம் வரும் முன்பே வனத்துறையின் தடையும் வந்தது. மருந்துக்கு வேண்டியது வேரன்று, இலைதான். பறித்தால் மீண்டும் தழைக்கும். ஆனால் கிராக்கி ஏற்பட்ட செய்தி பரவியவுடன் வெளியார் புகுந்து செடியோடு பிடுங்கிப் போகத் தொடங்கவே, காட்டைக் காக்கும் கடமையுள்ள அதிகாரிகள், காணி தன் வீட்டருகே வளர்த்த இலையையும் காட்டிலையையும் பிரித்தறிய வழியில்லை என்று கருதி, இலை சேகரிப்பதையே நிறுத்தினார்கள். திருடியவன் மலையிறங்கிப் போனான். தண்டனையை அனுபவித்தவன் மலையிலேயே இருந்தவன். இலையில்லாமல் மருந்து ஏது, மருந்து விற்காமல் பங்கு ஏது?

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும், சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையோடு பாரம்பரிய அறிவின்மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் ஒப்புக்கொண்ட 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் பிற்பாடு வந்தன. அவற்றால் குறை தீர்ந்ததென்று மகிழ்ந்திருக்கையில், 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, நூல்களில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவுக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் உள்நாட்டுக் கம்பெனிகள் பங்கு தரவேண்டிய பொறுப்பிலிருந்து விலக்களித்திருக்கிறார்கள். வைத்தியத் தொழில் தழைக்கவும், காட்டை அழிக்காமல் மூலிகையைத் தோட்டத்தில் விளைவிக்கவும் இது ஊக்கமளிக்கும் என்பது அரசாங்கத்தின் வாதம். காட்டில் வேரோடு கல்லியெடுக்கும் கொடுமையை எண்ணினால் அவ்வாதத்தில் சாரம் உண்டென்றே சொல்வேன்.

ஆனால் ஆரோக்கியப்பச்சையின் குணத்தைச் சொன்னது சரகரோ சுசுருதரோ அல்லர். ஏடறியாத காணி மூதாதைகள் வாய்மொழியாக வைத்துப் போன செல்வம் அது. அந்த அறிவை இன்றைக்கு ஒருவர் கேட்டெழுதி அச்சிட்டு, நாளைக்கு அதே செடியைச் சமவெளித் தோட்டமொன்றில் பயிரிட்டுவிட்டால், எழுதப்பட்டது என்றும் பயிரிடப்பட்டது என்றும் இரட்டை நியாயம் பேசி, சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று வியாபாரி கைவிரிக்க இடமுண்டாகிறது. ஏட்டில் ஏறியதால் ஓர் அறிவின் உடைமை மாறிவிடுமென்பது எனக்கு விளங்காத தர்மம். வீட்டுப் பத்திரத்தை நகலெடுத்தவன் வீட்டுக்குச் சொந்தக்காரனாவதில்லையே!

தமிழ்நாட்டுக்கும் இதில் சம்பந்தமுண்டு. மலையின் கீழ்ச்சரிவில், பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்துக் காடுகளிலும் வாழும் காணிகளும் அதே குலத்தவர். மாநில எல்லைக்கோடு அவர்களைக் கேட்டு வரையப்பட்டதன்று. கேரளக் காணிகளின் பெயரால் அமைந்த அறக்கட்டளை அவர்களுக்கு உரியதாகாது. ஆகவே, மத்திய அரசு, வாய்மொழி அறிவிலிருந்து பிறந்த மருந்துகளுக்கு, செடி எங்கே விளைந்தாலும் சரி, பங்கு உண்டென்று விதிகளில் தெளிவாக எழுதவேண்டும். இரு மாநில வனத்துறைகளும், காணி தன் நிலத்தில் வளர்த்த இலையை விற்பதற்கு அவனுடைய கிராம சபையின் சான்றே போதுமென்று ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த ஏற்பாடு முடியும்வரை ஆரோக்கியப்பச்சைக்குப் புதிய உரிமம் எவருக்கும் வழங்கலாகாது.